லூர்துவின் முழங்கை

உடைக்கவில்லை அண்ணே. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே டீக்கடையில் வழி கேட்டிருப்பீர்கள். "மேல ஜூடோ ஹாலுக்கா? அங்க கனிராஜ்னு ஒருத்தன் இருப்பான், கூடப் பழகுனவன் கையையே ஒடிச்சவன்" என்று சொல்லியிருப்பார்கள். எல்லோரிடமும் சொல்கிறார்கள். ஒடிக்கவில்லை. முழங்கை மூட்டு விலகியது. எலும்பு ஒடிவது வேறு, மூட்டு விலகுவது வேறு. எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் நானே பிடித்துப் பார்த்தேன். எலும்பில் ஒரு கீறல் கிடையாது.

செருப்பை ஓரமாக விடுங்கள். மேட்டிலேயே உட்காரலாம். மேட் என்று பெயர்தான், மில்லில் கழித்த பஞ்சை அடைத்து மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருக்கிறோம். அந்தத் தூண் பக்கம் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே பஞ்சு இறங்கிவிட்டது, கீழே சிமெண்டுதான்.

ஜிம்மில் முனீஸ் உங்களைப் பற்றிச் சொன்னான். கபடி ஆடியவர், என் எடைதான், பயம் கிடையாது என்றான். எனக்கு மாநிலப் போட்டி வருகிறது. பிடித்துப் பழக ஒரு ஆள் வேண்டும். ஓட்டம் என்றால் தனியாக ஓடிப் பழகலாம். ஜூடோவுக்கு இன்னொரு உடம்பு வேண்டும் அண்ணே. சுருட்டிய மெத்தையைத் தூக்கிப் போட்டுப் பார்க்கிறேன், மெத்தை எதிர்க்க மாட்டேன் என்கிறது. பின்னால் நீங்கள் "இதை ஏன் முன்னாடியே சொல்லல" என்று கேட்கக் கூடாது. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். எனக்குப் பொய் சொல்ல வராது. பரீட்சையில்கூட பக்கத்துப் பேப்பரைப் பார்த்ததில்லை.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு த்ரோ. குனிந்து பாய்ந்து, எதிராளியின் இரண்டு முழங்காலுக்குப் பின்னாலும் கையைக் கொடுத்து, தோளால் வயிற்றில் முட்டித் தூக்கி, முதுகு தரையில் படும்படி அடிப்பது. முதுகு முழுசாகப் பட்டால் இப்பொன். இப்பொன் என்றால் முழுப் புள்ளி, ஆட்டம் அங்கேயே முடிந்தது. அந்த ஒன்றே போதுமாக இருந்தது. தூத்துக்குடிப் பையன் ஒருத்தனுக்குக் காறை எலும்பு போனது. தேனிக்காரன் விழுந்த இடத்திலேயே வாந்தி எடுத்தான். சிவகாசியில் ஒருத்தன் விழும்போது நாக்கைக் கடித்துக்கொண்டான். வாயைத் திறந்ததும் ரத்தம் குழாயைத் திறந்த மாதிரி வந்தது. நான் வேண்டுமென்று செய்யவில்லை. அந்த த்ரோ அப்படி. நான் தூக்குவேன், பூமி மற்றதைச் செய்யும்.

கோட்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஜூடோவில் உடம்பைப் பிடிக்கிறதைவிட எதிராளி போட்டிருக்கிற கோட்டைப் பிடிக்கிறதுதான் அதிகம். காலர், கை. பிடி கிடைத்தவன் பாதி ஜெயித்தவன். எங்கள் வீட்டில் அம்மா பேண்டேஜ் துணித் தறி ஓட்டுகிறாள். சத்திரப்பட்டிப் பக்கம் வீட்டுக்கு வீடு அதுதான். பாவு நூல் விறைப்பாக நிற்பதற்குக் கஞ்சி போடுவோம். அந்தக் கஞ்சியில் காலரை ஊற வைத்து வெயிலில் காய வைத்தால் பலகை மாதிரி ஆகிவிடும். எவனாலும் பிடிக்க முடியாது. விடாமல் பிடித்தால் நகம் பெயரும். ஒரு தடவை அம்மா துவைக்கிறபோது காலர் மடிப்பிலிருந்து எதையோ எடுத்து, "என்னடா இது, மீன் செதிலு?" என்றாள். நகம். முழு நகம். கோட்டின் கையையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டுச் சுருக்கிக்கொள்வேன். அளவு குறைந்தால் பிடிக்கத் துணி இருக்காது. எல்லா ஊரிலும் ஏதாவது ஒன்று செய்யத்தான் செய்தார்கள். நாங்கள் கஞ்சி போட்டோம்.

அப்புறம் விதியை மாற்றினார்கள்.

எங்கோ உட்கார்ந்துகொண்டு மாற்றினார்கள். பெல்ட்டுக்குக் கீழே கையால் தொடக் கூடாது என்று. பார்க்க மல்யுத்தம் மாதிரி இருக்கிறதாம், ஜூடோ என்றால் நிமிர்ந்து நின்று ஆட வேண்டுமாம். முதலில் எச்சரிக்கை என்றார்கள். பிறகு தொட்டாலே வெளியே என்றார்கள். அதோடு கோட்டுக்கும் அளவு வந்தது. கையை நீட்டினால் துணி மணிக்கட்டு வரை வர வேண்டும், கைக்கும் துணிக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி வேண்டும், காலர் வளைய வேண்டும். ஒரு மனுஷன் வருஷக்கணக்கில் சேர்த்த சொத்தை ஒரு காகிதத்தில் பறித்துவிட்டார்கள் அண்ணே.

போன வருஷம் சேலத்தில் மாநிலப் போட்டி. இந்த மாவட்டத்திலிருந்து என் எடையில் நான். கூட வந்தது லூர்து. லூர்துராஜ். அவனும் என் எடைதான். மாவட்டத்தில் ஒரு எடைக்கு ஒருத்தனைத்தான் அனுப்புவார்கள். வருஷா வருஷம் பழகுகிறபோதே நான் அவன் காலை வாரிப் போட்டுவிடுவேன், அவன் தேர்வுக்குப் பேர் கொடுக்காமல் என் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவான். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலில் பரோட்டா போடுகிறவன். மாவு அடித்து அடித்துக் கை இரும்பாக இருக்கும். வாய் அதைவிட.

சேலத்தில் கோட்டை அளக்கிற இடத்தில் ஒரு பெரியவர் என் காலரை வளைத்துப் பார்த்தார். வளையவில்லை. தட்டிப் பார்த்தார். "ஏம்ப்பா, இது கோட்டா கதவா?" என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். வேறு கோட்டு கொண்டுவா, இல்லையென்றால் ஆட்டம் கிடையாது என்றுவிட்டார். லூர்து அங்கேயே தன் பையிலிருந்து அவன் கோட்டை எடுத்துக் கொடுத்தான். "போட்டுக்க மாப்ள. பரோட்டா வாசம் வரும், பொறுத்துக்க." மெத்தென்று இருந்தது. எவன் வேண்டுமானாலும் பிடிக்கலாம் போல் இருந்தது. அம்மணமாக நிற்கிற மாதிரி இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. எதிரில் கோயம்புத்தூர்க்காரன். காலரை நோக்கிக் கை நீட்டினான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அடுத்து நினைவு வருகிறபோது அவன் என் தோளுக்கு மேலே இருக்கிறான். அடித்தேன். ஹால் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. அவன் தலையின் பின்பக்கம் இரண்டு தடவை துள்ளியது. நான் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். ரெஃப்ரி ஒரு அம்மா. அவர் என்னை நோக்கி விரலை நீட்டினார். நான் குனிந்து வணக்கம் வைத்தேன், எனக்குத்தான் ஜெயம் என்று. விரலை எடுக்கவில்லை. காலைப் பிடித்துவிட்டேனாம். படுத்துக் கிடக்கிறவன் ஜெயித்தான், நிற்கிறவன் தோற்றான். இப்படி ஒரு விளையாட்டை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

கழிப்பறைக் கதவில் குத்தினேன். பலகை பிளந்து கை உள்ளே போய் மாட்டிக்கொண்டது. லூர்துதான் வந்து கையை வெளியே எடுத்தான், சிலாம்பைப் பல்லால் கடித்துப் பிடுங்கினான். பிடுங்கிக்கொண்டே, "மாப்ள, அந்தப் பெரியவரு அளக்காத ஒண்ணே ஒண்ணு இந்தக் கதவுதான், அதையும் ஒடச்சிட்ட" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கியது நான்தான் முதல். பி.ஏ. பொருளாதாரம். விளையாட்டு ஒதுக்கீட்டில்தான் கல்லூரியில் இடமும் கிடைத்தது. படித்து முடித்துவிட்டு அம்மாவின் தறிக்குப் பக்கத்தில் பாவு பிடித்துக்கொண்டு நின்றால் தெருவில் என்ன பேசுவார்கள்? "காலேஜ் வரைக்கும் போயி கடைசில கஞ்சிக் கலயத்துக்கே வந்துட்டான்." பேசினார்கள். மாநிலப் பதக்கம் ஒன்று இருந்தால் அதே ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்குப் போகலாம். அடுத்த வருஷம் எனக்கு வயது தாண்டிவிடும். அதனால் இந்த வருஷம்தான். இந்த வருஷம் மட்டும்தான்.

லூர்துதான் அந்த யோசனையைச் சொன்னான். அதையும் மறைக்கவில்லை. "ஒன் மூளைக்கு விதி தெரியும் மாப்ள, கைக்குத்தான் தெரியல. கைய கட்டிப் போட்ருவோம்." எங்கள் வீட்டுப் பேண்டேஜ் துணியிலேயே என் இரண்டு மணிக்கட்டிலும் கட்டி, மறுமுனையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டான். மார்பு வரை கை போகும், காலரைப் பிடிக்கலாம். பெல்ட்டுக்குக் கீழே இறக்கினால் கழுத்து இறுகும். அப்படியே தினமும் சாயங்காலம் அவன் கடை திறக்கிறதுக்கு முன்னால் பழகினோம்.

பழகினோம் என்றா சொன்னேன்? அவன் என்னைப் போட்டான். கைக்குப் பழக்கம் வருகிற வரைக்கும் நான் விழுந்தேன். அவனுடைய த்ரோவுக்கு உச்சிமாட்டா என்று பெயர். எதிராளியின் இரண்டு தொடைக்கும் நடுவில் தன் காலை விட்டு, முன்னால் இழுத்துக்கொண்டே மேலே வீசுவது. நிமிர்ந்து நின்று, கை பெல்ட்டுக்கு மேலேயே இருக்க, சுத்தமாகப் போடுவான். கல்லில் பரோட்டாவைத் திருப்புகிற மாதிரி. முதலில் வானம், அப்புறம் தார்ப்பாய். நான் காலைப் பிடிக்கப் போவேன், துணி கழுத்தை நெரிக்கும், கண் இருட்டும், அதற்குள் அவன் என்னைத் தூக்கியிருப்பான். முதுகெல்லாம் நாவல்பழ நிறம். தூண் பக்கம் விழுந்த அன்று மூத்திரத்தில் ரத்தம் போனது. அம்மா பார்த்துவிட்டு, "யாருடா ஒன்ன இப்பிடி அடிக்கிறது?" என்றாள். லூர்து என்றேன். "அவனா? அவன் நல்ல பையனாச்சே" என்றாள்.

இங்கே பழக வருகிற பையன்கள் சுவர் ஓரம் உட்கார்ந்து பார்ப்பார்கள். நான் விழுந்ததும் லூர்து மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டே கேட்பான், "கால் எங்க மாப்ள, கால் எங்க?" எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள், கால் எங்க, கால் எங்க என்று. அவனுக்கு அது விளையாட்டு. எனக்கு வாழ்க்கை.

ஒருநாள் விழுந்து கிடந்த என் மேல் குனிந்து, "இந்த வருஷம் நானும் பேரு குடுத்திருக்கேன்டா" என்றான்.

"எதுக்கு?"

"மாவட்டத் தேர்வுக்கு. நம்ம எடையில."

"ஒனக்கெதுக்குடா இதெல்லாம்?"

"ஏன், போலீஸ்காரன் பரோட்டா போடக் கூடாதா?"

வேடிக்கைக்குச் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். அவன் பத்தாவது வரைதான் படித்தவன். கான்ஸ்டபிள் வேலைக்குப் பத்தாவது போதும், அது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு பட்டதாரி அதற்காக உயிரைக் கொடுத்து நிற்கிறபோது, கையில் ஒரு தொழில் இருக்கிறவன் குறுக்கே வரலாமா? நீங்களே சொல்லுங்கள். எங்களுக்கு ஜூடோ சொல்லிக்கொடுத்த மாஸ்டரிடம் கேட்டேன். மாஸ்டர் மில் ஷிப்ட் முடிந்து வந்து கதவைத் திறந்துவிடுவதோடு சரி, அதிகம் பேச மாட்டார். "அவன் ஆட்டத்துக்கு இப்பதான் காலம் வந்திருக்கு, ஆடட்டும்" என்றார். அவருக்கும் லூர்து கடையில்தான் ராத்திரிச் சாப்பாடு. அதையும் சேர்த்துப் பாருங்கள்.

தேர்வு நடக்கிற அந்த வாரம். இதே இடம். லூர்து என்னைப் போட்டான். எழுந்தேன். போட்டான். எழுந்தேன். மூன்றாவது தடவை என் மேலேயே விழுந்தான், அவன் தோள் என் வாயில் இடித்து உதடு கிழிந்தது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை, அது எனக்குத் தெரியும். சுவர் ஓரத்திலிருந்து கால் எங்க என்றார்கள். நான் ரத்தத்தைத் துப்பிவிட்டு, "கட்ட அவுத்து விடு, ஒரு தடவ சும்மா ஆடுவோம்" என்றேன்.

"கால புடிப்ப."

"புடிக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"அம்மா சத்தியமா."

காலைப் பிடிக்கவில்லை. அந்தச் சத்தியத்தை நான் மீறவில்லை அண்ணே. அவன் துணியை அவிழ்த்துவிட்டான். கழுத்தில் தழும்பு விழுந்திருந்த இடத்தைக் கட்டை விரலால் தேய்த்துவிட்டான். காலர் பிடித்தோம். அவன் உச்சிமாட்டாவுக்குத் திரும்புகிறான், வலது கை நீண்டு என் கோட்டில் இருக்கிறது. அவன் கோட்டு. சேலத்தில் கொடுத்தது, இன்னும் என்னிடம்தான் இருந்தது. அந்தக் கையை என் அக்குளுக்குள் இறுக்கி, நின்ற நிலையிலேயே மொத்த உடம்பையும் அதன் மேல் போட்டுக் கீழே போனேன்.

நின்றுகொண்டே கையைப் பூட்டி விழுவதும் விதிப்படி தப்பு. தெரியும். அது பழைய விதி, ரொம்ப வருஷமாகவே இருக்கிறது. ஆனால் அது போட்டிக்கான விதி. அங்கே ரெஃப்ரி ஏது?

தட்டினான். வலி தாங்காதவன் தட்டுவான், தட்டினால் விட வேண்டும், ஜூடோவில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது அது. இடது கையால் என் முதுகில் தட்டினான். தட்டவே இல்லை என்று நான் சொல்லலாம். சொல்ல மாட்டேன். எனக்குக் கேட்டது. ஆனால் கேட்பதற்கும் விடுவதற்கும் நடுவில் கொஞ்சம் நேரம் இருக்கிறது அண்ணே. யாருக்கும் இருக்கும். மறுபடி தட்டினான். "டே கனி" என்றான். மாப்ள என்று சொல்லவில்லை, அதைக் கவனித்தேன். அதற்கப்புறம்தான் அந்தச் சத்தம். தறியில் துணி முடிந்ததும் அம்மா விளிம்பைப் பல்லால் கடித்து ஒரே இழுப்பில் கிழிப்பாள். அந்தச் சத்தம். கை மடங்க வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மடங்கியிருந்தது. முழங்கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி. அவன் கத்தவில்லை. வாயைத் திறந்தான், காற்று மட்டும் வந்தது. சுவர் ஓரத்தில் ஒரு சின்னப் பையன்தான் கத்தினான்.

நான் ஓடிவிடவில்லை. என் கையைக் கட்டியிருந்த அதே துணியை எடுத்து அவன் கைக்குக் கட்டுப் போட்டேன். மாஸ்டர் வண்டியில் அவனை நடுவில் உட்கார வைத்துப் பின்னால் நான்தான் பிடித்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவன் தலை என் தோளில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் மூட்டை இழுத்து உள்ளே போட்டபோதுதான் கத்தினான். எலும்புக்கு ஒன்றும் இல்லை, ஆனால் நரம்பு நசுங்கியிருக்கிறது, விரல் மூன்றில் உணர்ச்சி வர நாளாகும், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். வரும். இப்போதைக்கு ஓட்டலில் இலை போடுகிறான். இடது கையால்தான். வேலை போகவில்லை, அதைக் கவனியுங்கள்.

தேர்வு அன்று எங்கள் எடையில் வேறு யாரும் பேர் கொடுக்கவில்லை. நான் மேட்டில் ஏறி நின்றேன். விதிப்படி எதிராளியின் பேரைக் கூப்பிட வேண்டும். வரவில்லை என்றால் எனக்கு ஜெயம். "லூர்துராஜ்" என்று கூப்பிட்டார்கள். கூட்டத்துக்குள்ளிருந்து வந்தான். கையைத் துணியில் கட்டிக் கழுத்திலிருந்து தொங்கவிட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மேட் விளிம்பில் குனிந்து வணக்கம் வைத்துவிட்டு வந்தான்.

ரெஃப்ரி, "என்னப்பா இது, இந்தக் கையோடயா?" என்றார்.

"கூப்டீங்கல்ல சார்? வந்தேன்."

"கோட்டு இல்லாம ஆட முடியாதுப்பா."

"இருக்கு சார். இவன் போட்ருக்கான்."

எனக்கு நேராக வந்து நின்றான். "கழட்டு" என்றான். சின்னக் குரலில்தான் சொன்னான். நான் அசையவில்லை. இடது கையால் என் பெல்ட் முடிச்சை இழுத்தான். ஒற்றைக் கைக்கு அவிழவில்லை. குனிந்து முடிச்சைப் பல்லால் கடித்தான். அவன் தலை என் வயிற்றில் முட்டிக்கொண்டிருக்கிறது. நான் நினைத்திருந்தால் முழங்காலைத் தூக்கி முகத்தில் இடித்திருக்கலாம். இடிக்கவில்லை. பெல்ட் விழுந்தது. கோட்டை என் தோளிலிருந்து உரித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, மறுபடி விளிம்பில் வணக்கம் வைத்துவிட்டு இறங்கிப் போனான். ரெஃப்ரி அவன் போகிறதைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் கையைத் தூக்கினார். வெறும் உடம்போடு நின்று ஜெயித்தேன். யாரும் கை தட்டவில்லை. மாஸ்டர் விளக்கை அணைக்கப் போய்விட்டார்.

கை மூட்டு விலகினதை நான் தப்பு சொல்லவில்லை, விளையாட்டில் நடக்கும். ஆனால் அத்தனை பேர் முன்னால் ஒருத்தனை அவமானப்படுத்துவது என்ன பழக்கம்? அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

ஆக, நடந்தது இதுதான். அவனிடமிருந்து கற்றது வீண் போகவில்லை. கை இப்போது கீழே போவதில்லை. உச்சிமாட்டா வருகிறது. மெத்தையை வைத்துப் போட்டுப் பார்த்துவிட்டேன். உயிருள்ள உடம்பில் போட்டுப் பார்க்க வேண்டும், அதற்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். எழுந்திருங்கள். இது புதுக் கோட்டு, அளவெல்லாம் சரியாக இருக்கிறது. காலரை வளைத்துப் பாருங்கள், கஞ்சி கிடையாது. 

என்ன கேட்டீர்கள்?

லூர்துவும் நானும் தேர்வில் ஆடியிருந்தால் யார் ஜெயித்திருப்பார் என்றா?

பழைய விதிப்படியா, புது விதிப்படியா?

இல்லை, அது அப்படிச் சொல்ல முடியாது அண்ணே. ஆட்டம் என்றால் அன்றைக்கு என்ன நடக்கிறதோ அதுதான். அன்றைக்கு ஆட்டம் நடக்கவில்லை. நடக்காத ஆட்டத்துக்கு யாராவது பதில் சொல்ல முடியுமா? அதை விடுங்கள்.

நேராக நில்லுங்கள். இடது கை என் கோட்டின் கையில், இங்கே. வலது கை காலரில். வலித்தால் தட்டுங்கள், உடனே விட்டுவிடுவேன். பிடியுங்கள்.

ஏன் கையைப் பின்னால் வைத்துக்கொள்கிறீர்கள்?

அண்ணே. கையைக் கொடுங்கள்.